பட்டமா, மயக்கமா?

கேள்வி: இங்கிலாந்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த என் மகள், 'ஐ பாஸ்ட் அவுட் ஆஃப் காலேஜ் இன் 2022' என்று எழுதியிருந்தாள். அதைப் பார்த்த லண்டன் உறவினர், '2022-இல் மயங்கி விழுந்தவள் எப்போது எழுந்தாள்?' என்று கேட்டுச் சிரிக்கிறார். நம் ஊரில் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம்? இது தவறா?

பதில்: உங்கள் உறவினரின் சிரிப்பில் பாதிதான் நியாயம் இருக்கிறது. 'பாஸ் அவுட்' என்றதும் மேல்நாட்டாருக்கு முதலில் தோன்றுவது நினைவிழந்து சாய்வதுதான். குடித்துவிட்டு விழுந்து கிடப்பவரையும் அப்படியே சொல்வார்கள். ஆனால் பயிற்சி முடித்து வெளியேறுவதையும் பிரிட்டன் ராணுவத்தில் அதே தொடரால்தான் குறிக்கிறார்கள் என்பது லண்டன்வாசிக்குத் தெரியாமல் போனதுதான் வியப்பு. நம் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலும், 1932-இல் தொடங்கப்பட்ட டேராடூன் ராணுவ அகாடமியிலும் நடப்பது 'பாசிங் அவுட் பரேட்'தான். டேராடூனில் பயிற்சி முடித்தவர்கள் 'ஆல்ட் லாங் சைன்' என்ற பிரியாவிடைப் பாடலின் மெட்டுக்கு மெதுநடை போட்டு, அகாடமியின் செட்வுட் கட்டடத்தின் படிகளைக் கடந்து போவார்கள். அங்கே 'அவுட்' என்பது கண்ணெதிரே நடக்கும் வெளியேற்றம். இந்த வழக்கைத்தான் நாம் கல்லூரிக்கும் நீட்டிக்கொண்டோம் என்று கருதுகிறேன். ஆகவே இந்திய ஆங்கிலத்தில் இதைப் பிழை என்று தள்ள மாட்டேன்.

ஆனால் உங்கள் மகளின் விண்ணப்பத்தைப் படிக்கப்போகிறவர் சென்னையில் இல்லை. அங்கே 'கிராஜுவேட்டட் ஃப்ரம்' என்பதே குழப்பமற்றது. 'ஃப்ரம்' விடுபடக் கூடாது. பள்ளிப் படிப்புக்கும் 'கிராஜுவேட்' என்பது அமெரிக்க வழக்கு என்பதால், இங்கிலாந்துக்கு எழுதும்போது 'ஃபினிஷ்ட் ஸ்கூல்' போதும். 'ஹேவ் யூ எவர் பாஸ்ட் அவுட்?' என்று அந்த ஊர் மருத்துவர் கேட்கும்போது, பட்டம் வாங்கிய ஆண்டைப் பெருமையோடு சொன்னால் தலைக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்துவிடுவார்.

அமெரிக்கர்கள் வினாத்தாளை விநியோகிப்பதையும் 'பாஸ் அவுட்' என்பார்கள். இந்தப் பொருளில் மட்டும் சொற்களைப் பிரிக்கலாம். 'தெம்' போன்ற பிரதிப்பெயர்ச்சொல் வந்தால் பிரித்தே ஆகவேண்டும். 'பாஸ் தெம் அவுட்' சரி, 'பாஸ் அவுட் தெம்' பிழை.

எந்த ஊர் ஆங்கிலத்திலும் நிற்காதது, தன்விவரக் குறிப்புகளில் அடிக்கடி காணும் 'ஐ வாஸ் பாஸ்ட் அவுட் இன் 2015' என்ற வாக்கியம். 'வாஸ்' சேர்ந்ததும் அது 2015-இல் நினைவின்றிக் கிடந்ததாகப் பொருள் தருகிறது. வேலை விளம்பரங்களில் '2024 பாஸ் அவுட்ஸ்' என்று பெயர்ச்சொல்லாக்கிப் பன்மையும் ஒட்டி அச்சிடும் நிறுவனங்களே இப்பழக்கத்தை வளர்க்கின்றன. உங்கள் உறவினர் சிரிப்பதாக இருந்தால் அந்த விளம்பரங்களைப் பார்த்துச் சிரிக்கட்டும்.