யூரியா எங்கே போச்சு?

கேள்வி: ஐயா, நெல் நட்டு யூரியா வீசிய மறுநாளே பேய்மழை, வரப்பே மூழ்கிவிட்டது. பயிர் இன்னும் மஞ்சளாகவே நிற்கிறது. உரம் போலியா?
– ஒரு வாசகர், பெகு (மியான்மர்)

பதில்: மூட்டைமேல் பழி போடாதீங்க தம்பி. 50 கிலோ மூட்டையில் பயிரைப் பச்சையாக்கும் நைட்ரஜன் 23 கிலோதான். யூரியா சட்டெனக் கரையும். அமோனியமாக மாறிக் களிமண்ணில் ஒட்டிக்கொள்ளச் சில நாள் வேண்டும். மழை அந்த அவகாசம் தரவில்லை. அப்புறம் தேங்கிய நீரில் வெயில் அடித்தால், மிச்சமும் அமோனியாவாகக் காற்றில் போகும். காற்று 1 டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால்தான் இப்போது பெய்தால் கொட்டுகிறது.

2023 அக்டோபரில் பெகுவில் வந்த வெள்ளம் நினைவிருக்கும். வடிந்தபின் எங்கள் வாய்க்கால் ஓரத்தில் கறுத்த வண்டலை விரலால் வழித்துப் பார்த்தேன், மாவு மாதிரி. அத்தனையும் என் மேல்மண்! பாஸ்பரஸ் என்ற இன்னொரு பயிர்ச்சத்தும் அதோடு ஒட்டிக்கொண்டே போய்விடும்.

சரி, இனி உரத்தை மூன்று தவணையாகப் பிரித்துப் போடுங்கள். மேற்கே கறுத்தால் மூட்டையைப் பிரிக்காதீர்கள். போன சத்து மண்ணுக்குத் திரும்ப, அறுப்புக்குப் பின் உளுந்து விதைத்து, பறித்ததும் செடியை எரிக்காமல் மடக்கி உழுங்கள்.