கழலை ஆபரேஷன் பண்ணா சோறு ஒழுங்கா இறங்குமா?

மன்னார்குடி பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: அம்மாவுக்கு 58 வயசு, கழுத்துல கழலை, அதாவது தைராய்டு சுரப்பி வீக்கம், ரொம்ப வருஷமா இருக்கு, இப்ப ஒரு வருஷமா ஒவ்வொரு வாய் சோத்துக்கும் தண்ணி குடிச்சுதான் இறக்குறாங்க, டாக்டர் ஆபரேஷன்னு சொல்லிட்டாரு, ஆனா ஆபரேஷன் முடிஞ்ச பக்கத்து வீட்டம்மா இன்னும் தொண்டை பிடிக்குதுங்கறாங்க, பண்ணலாமா?

தம்பி, கழலைதான் உணவுக்குழாய அமுக்குதுன்னா எடுத்தா சோறு அடைக்கறது பெரும்பாலும் நல்லாவே குறையும். தைராய்டு சாதாரணமா 20 கிராம்தான் இருக்கும், அது பெருசாகி நெஞ்செலும்புக்குப் பின்னாடி இறங்கிடுச்சுன்னா குழாய்க்கு ஒதுங்க இடமே இருக்காது, அதுலயும் கழுத்துல உணவுக்குழாய் கொஞ்சம் இடது பக்கமா சாஞ்சு வர்றதால இடது பக்க வீக்கம் சீக்கிரமே தொந்தரவு காட்டும். ஆனா அம்மா வயசுல சோறு அடைக்குதுன்னா பழியை கழலை மேலயே போட்டுடாதீங்க, சிடி ஸ்கேனோட ஒரு எண்டோஸ்கோப்பியும் பாத்துடுங்க, குழாய்க்குள்ளயே புண்ணோ கட்டியோ இருந்தா கழுத்துல கத்தி வச்சு பிரயோஜனம் இல்ல.

பக்கத்து வீட்டம்மா சொல்றதும் பொய்யில்ல, அவங்களுக்கு ஆபரேஷன் ஆகி எத்தனை நாள் ஆச்சுன்னு கேளுங்க. மயக்க மருந்துக்கு தொண்டையில டியூப் போட்டிருப்பாங்க, கழுத்து தசைய விலக்கியிருப்பாங்க, தழும்பு உள்ள ஒட்டி ஆறும், கண்ணாடி முன்னாடி நின்னு எச்சில் முழுங்கினா தழும்பும் சேந்து மேல இழுபடுறது கண்ணுக்கே தெரியும். முதல் சில வாரம் முன்னைவிட மோசமா இருக்கற மாதிரிகூட தோணும், பயந்துடாதீங்க, பெரும்பாலானவங்களுக்கு சில மாசத்துல விட்டுடும். அதுவரைக்கும் குழைய வடிச்ச சோத்துல ரசம் ஊத்தி பிசைஞ்சு, சின்னச் சின்ன வாயா, நிமிந்து உக்காந்து சாப்பிடட்டும்.

குரல் கம்மி, தண்ணி குடிச்சா புரை ஏறுதுன்னா மட்டும் அது வேற விஷயம், குரல் நரம்பு அடிபட்டிருக்கலாம், நிறைய பேருக்கு தானா சரியாகும்னாலும் இஎன்டி டாக்டர்கிட்ட காட்டி பாக்கணும். உதடு, விரல் நுனி மதமதன்னு இருந்தா ரத்தத்துல கால்சியம் குறைஞ்சிருக்கும், அன்னைக்கே சொல்லிடுங்க. ஆபரேஷன் ஆன ராத்திரி கழுத்து திடீர்னு உப்பி மூச்சு முட்டுச்சுன்னா ஒரு நிமிஷம் தாமதிக்காம நர்ஸைக் கூப்பிடுங்க, உள்ள ரத்தம் கட்டுதுன்னு அர்த்தம்.

முழுசா எடுத்துட்டா தைராய்டு மாத்திரை ஆயுசுக்கும் உண்டு, காலையில வெறும் வயித்துல போட்டுட்டு கால்சியம் மாத்திரையும் எழுதியிருந்தா அத நாலு மணி நேரம் கழிச்சு குடுங்க, சேத்து முழுங்கினா தைராய்டு மாத்திரை ஒழுங்கா உடம்புல சேராது.