ஓடையோரம் பெயர் தெரியாத மரம்: புதிய இனமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி: ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தைக்கு மேலே ஓடையோரத்தில் ஒரு மரம் பார்த்தோம். ஊர்ப் பெரியவர்களுக்கும் பெயர் தெரியவில்லை. போன் செயலியில் இலையைப் படம் பிடித்துப் போட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பெயர் வருகிறது. இது புதிய இனமாக இருக்குமா? அப்படியானால் யாரிடம் சொல்ல வேண்டும்? பெயரை நாங்களே வைக்கலாமா? (ஒடுகத்தூர் வாசகர்)

பதில்: இருக்கலாம். ஆனால் ஏற்கெனவே பெயருள்ள மரமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஜவ்வாது மலையில் பெரும்பகுதி இலையுதிர் காடு. ஓடை இடுக்குகளில் மட்டும் ஈரம் தங்கி, பசுமை மாறா மரங்கள் சில ஒதுங்கி நிற்கும். அவை அரிதாகவே கண்ணில் படுவதால் ஊரில் பெயர் இல்லாமல் போவதுண்டு. விறகுக்கோ மருந்துக்கோ தீவனத்துக்கோ உதவாத மரத்தைப் பெயர் சொல்லி அழைக்க யாருக்கும் அவசியம் வருவதில்லை. ஆடு மேய்ப்பவர்களையும் தேன் எடுப்பவர்களையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஊருக்குள் இருப்பவர்களைவிட அவர்களுக்கு அந்த இடுக்குகள் பழக்கம்.

இலையை மட்டும் நம்பாதீர்கள். வெட்டுப்பட்ட அடிமரத்திலிருந்து துளிர்க்கும் கிளையில் இலை வழக்கத்தைவிடப் பெரிதாக வரும். பலாக் கன்றில் இலை பிளவுபட்டிருக்கும், வளர்ந்த மரத்தில் அப்படி இருக்காது. செயலி தடுமாறுவதும் இதனால்தான். ஒரு மரத்தின் குடும்பத்தையும் பேரினத்தையும் உறுதியாகச் சொல்பவை பூவும் காயும். நம் மலைகளில் பல மரங்கள் மாசி, பங்குனி, சித்திரையில் பூக்கும். ஓடையோர மரம் வேறு மாதத்திலும் பூக்கலாம். அதனால் மாதம் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள்.

இதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதற்கு ஒரு உண்மைச் சம்பவம் சொல்கிறேன். பெரு நாட்டின் மனு தேசியப் பூங்காவில், அமேசான் மழைக்காட்டில், 1973இல் ராபின் ஃபாஸ்டர் என்ற தாவரவியலாளர் ஒரு சிறிய மரத்தைக் கண்டார். சுமார் 6 மீட்டர் உயரம், சின்னக் காகித விளக்கு போன்ற ஆரஞ்சு நிறக் காய்கள். பல நிபுணர்கள் பார்த்தும் அது எந்தக் குடும்பம் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. பழைய உலர்ந்த மாதிரியிலிருந்து டிஎன்ஏ எடுக்கும் முயற்சி பலிக்கவில்லை. அதே காட்டில் வேலை செய்த பத்ரீசியா அல்வாரெஸ் புதிதாக இலை சேகரித்துக் கொடுத்த பிறகுதான் குடும்பம் தெரிந்தது. 2021இல் ‘ஏனிக்மானு அல்வாரெசியே’ என்று பெயர் வைத்தார்கள். முதலில் பார்த்ததிலிருந்து 48 ஆண்டுகள்! காட்டுக்குப் பக்கத்தில் இருந்து, அடிக்கடி போய்வரக்கூடிய ஒருவரால்தான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. உங்கள் கேள்வியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதும் அதனால்தான். கோயம்புத்தூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வருபவருக்கு ஒரு நாள்தான் கிடைக்கும், பூக்கும் நாளில் நீங்கள் அங்கே இருக்க முடியும்.

மரத்தின் அருகில் நின்றே எழுதிக்கொள்ள வேண்டியவை நிறைய உண்டு. காய்ந்தால் மறைந்துவிடும் விஷயங்கள்தான் முக்கியம்: பூவின் நிறம், மணம், இலைக்காம்பைக் கிள்ளினால் வெட்பாலையைப் போலப் பால் வடிகிறதா, அது எந்த நிறம், பட்டை உரிகிறதா, வெடித்திருக்கிறதா. மர உயரம், அடிமரச் சுற்றளவு, தேதி, போன் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம். இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறி மாறியா என்று பாருங்கள். கடுக்காய் மரத்தில் இருப்பதுபோல் இலைக்காம்பில் சுரப்பிப் புடைப்புகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு அளவுகோலை வையுங்கள். பூவை முன்னும் பின்னும் எடுங்கள். முடிந்தால் உதிர்ந்த பூ ஒன்றை நெடுக்கில் பிளந்து உள்ளேயும் எடுங்கள். சில இனங்களில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. அதனால் அருகில் அதே மரம் வேறு இருந்தால் அதையும் பாருங்கள்.

கிளையை மட்டும் நீங்களாக ஒடிக்காதீர்கள். காப்புக்காட்டில் சேகரிக்க வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். சந்தன மரக் கடத்தலால் கண்காணிப்பு கடுமையாக உள்ள மலை இது. கத்தியும் கிளையுமாக இறங்கினால் நல்ல எண்ணத்தை யாரும் விசாரிக்க மாட்டார்கள். உங்கள் குறிப்புகளையும் படங்களையும் கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்துக்கோ, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்துக்கோ (உலர் தாவரக் காப்பகம்) அனுப்புங்கள். தென்னிந்திய மலைகளில் சேகரித்து உலர்த்திய மாதிரிகள் அங்கே அடுக்கடுக்காக இருக்கின்றன. உங்கள் மரம் அவற்றில் எதனோடும் பொருந்தவில்லை என்றால், அனுமதி வாங்கி வந்து சேகரிப்பது அவர்கள் வேலை. கூடவே போய் வழிகாட்டுங்கள். செய்தித்தாளுக்கிடையில் அழுத்தி, தாளைத் தினமும் மாற்றி உலர்த்துவார்கள். டிஎன்ஏவுக்காகச் சில இலைகளை, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் தனியாகப் போடுவார்கள்.

அப்புறம் பெயர் விஷயம். மாதிரிகளில் ஒன்றை ‘மூல வகைமாதிரி’ (அந்தப் பெயருக்கு நிலையான ஆதாரம்) என்று அறிவித்து, அது எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லி, நெருங்கிய இனங்களிலிருந்து எதில் வேறுபடுகிறது என்பதை வெளியிட வேண்டும். இந்த விவரிப்பு லத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருந்தால்தான் செல்லும்; 2012க்கு முன்பு லத்தீன் கட்டாயமாக இருந்தது. தமிழில் கூடுதலாக எழுதலாம், அது மட்டும் போதாது. பெயரைத் தேர்ந்தெடுப்பது அந்த விவரிப்பை எழுதி வெளியிடுபவர்கள். ஊர்ப் பெயரையோ மலையின் பெயரையோ நீங்கள் தாராளமாக முன்மொழியலாம், தன் பெயரைத் தானே வைப்பது வழக்கமில்லை. கேமரூனின் எபோ காட்டில் கிடைத்த, சீத்தாப்பழக் குடும்பத்தைச் சேர்ந்த சிறிய மரம் ஒன்றுக்கு 2022இல் ‘உவாரியோப்சிஸ் டிகாப்ரியோ’ என்று பெயர் வந்தது. அந்தக் காட்டில் மரம் வெட்டும் திட்டத்தை எதிர்த்துக் குரல் கொடுத்த ஹாலிவுட் நடிகர் லியனார்டோ டிகாப்ரியோவுக்கு நன்றியாக வைத்த பெயர் அது.

முடிவு தெரியும்வரை அந்த ஓடையின் இடத்தை வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். ஒன்றிரண்டு மரமே இருந்தால், பார்க்க வருபவர்கள் ஆளுக்கொரு கிளை ஒடித்தாலே அது தாங்காது.