பெட்ஃபோர்டில் இறங்கிவிடுங்கள்

பிலடெல்பியாவிலிருந்து பிட்ஸ்பர்க் வரை ஒரே நாள் பயணம், அப்பாவுக்கு, அமெரிக்காவைக் குறுக்கே கடந்த பழைய லிங்கன் நெடுஞ்சாலையைக் காட்டணும், ஆனால் மேப் டோல் ரோட்டிலேயே இழுக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். முழுச் சாலைக்கும் ஆசைப்படாதீர்கள், அப்பா களைத்துவிடுவார். டோல் ரோட்டிலேயே பெட்ஃபோர்ட் வரை வந்து இறங்குங்கள். அங்கிருந்து மேற்கே லிகோனியர் ஊர் வரை, அந்தப் பழைய சாலையின் தடத்தில் போகும் யு.எஸ். 30 நெடுஞ்சாலை போதும்.

ஒன்று கவனியுங்கள்: இப்போதைய 30 பெட்ஃபோர்ட் ஊருக்கு வெளியே பைபாஸாகப் போகிறது. 1913-ல் அறிவிக்கப்பட்ட பழைய பாதை ஊருக்குள் ஓடும் பிட் தெரு. மேப்பில் அந்தத் தெருவைப் போடுங்கள். அதன் மேற்குக் கோடியில் 18 அடி உயரக் காபிப் பாத்திரம் நிற்கும், மூக்கும் கைப்பிடியும் வைத்த கட்டடம்! 1927-ல் வழிப்போக்கர்களை இழுக்கக் கட்டிய சிற்றுண்டிக் கடை அது. பாழடைந்து கிடந்ததைச் சாலைக்கு எதிர்ப்புறம் பெயர்த்து வைத்துப் புதுப்பித்திருக்கிறார்கள். அதைக் காப்பாற்றியவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

பெட்ஃபோர்டைத் தாண்டி மேற்கே மலை ஏறினால் கப்பல் வடிவ ஹோட்டல் இருந்த வளைவு வரும். 2001-ல் எரிந்துபோனது, இப்போது பள்ளத்தாக்குக் காட்சி மட்டுமே, ஆனாலும் நிறுத்துங்கள்.

வழியில் லிங்கன் முகம் பதித்த கான்கிரீட் கல் கண்ணில் பட்டால் அப்பாவைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நெடுஞ்சாலையின் அடையாளக் கற்களாக 1928-ல் சாரணச் சிறுவர்கள் நட்டவை அவை.