சைக்கிளில் பழவேற்காடு

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். கியர் இல்லாத பழைய சைக்கிளில் பழவேற்காடு வரை போய்வரலாமா?

பதில்: தாராளமாக. வழி முழுக்க சமதரை, கியர் எதற்கு? மணலி, மீஞ்சூர் பக்கத்துக் கண்டெய்னர் லாரிகள்தான் தலைவலி, அதனால் பின்னால் சிவப்பு லைட்டு கட்டிக்கொண்டு விடியும் முன்பே கிளம்பிவிடுங்கள். பொன்னேரியில் ஒரு டீ, அப்புறம் ரோடு அமைதியாகிவிடும். மார்கழி, தையில் வாடைக்காற்று போகும்போது முகத்தில் அறையும், திரும்பும்போது அதுவே முதுகைத் தள்ளும் (வாங்கிய கடனைத் திருப்பித் தருகிற மாதிரி). அப்போதுதான் ஏரியில் பூநாரைகளும் இருக்கும், தலையைக் கவிழ்த்து அலகால் சேற்றை அலசிக்கொண்டு. டச்சுக் கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளையும் பார்த்துவிடுங்கள். பஞ்சர் சாமான், பம்பு கட்டாயம். சரி, வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடாமல் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், உப்புக்காற்று சும்மா விடாது.