டோக்கியோ வேலை: தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் என்ன செய்வது?

வ அலைக்கும் ஸலாம் சகோதரரே. அடுத்த மாதம் டோக்கியோ போகிறீர்கள், அலுவலகத்தில் தொழ இடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, சாப்பாட்டை நினைத்தும் பயம் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அங்கே வேலை பார்த்தவன்தான்.

கூச்சப்படாமல் முதல் வாரமே மேலாளரிடம் கேட்டுவிடுங்கள். ஏனென்றால் டிசம்பரில் அங்கே 4.30-க்கே சூரியன் மறைந்துவிடும். லுஹர் (நண்பகல்), அஸர் (பிற்பகல்), மக்ரிப் (சூரியன் மறைந்ததும்) தொழுகைகள் மூன்றுமே வேலை நேரத்தில்தான் வரும், ஒளித்து ஒளித்துத் தொழுது சமாளிக்க முடியாது. "ஐந்து நிமிடம், ஒரு காலி அறை போதும்" என்று தெளிவாகச் சொன்னால் பெரும்பாலும் ஏற்பாடு செய்து தருவார்கள். நான் கைகழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்து ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்தபோது பக்கத்தில் நின்றவர் முகம் மாறியது இன்னும் நினைவிருக்கிறது. அப்புறம் வீட்டிலேயே ஒளு செய்து தோல் காலுறை போட்டுக்கொண்டு போவேன், பயணத்தில் இல்லாமல் ஊரில் இருப்பவர் ஒரு நாள் முழுக்க, காலைக் கழுவாமல் காலுறை மேல் ஈரக் கையால் தடவி மஸ்ஹு செய்யலாமே.

சாப்பாட்டில் பன்றி இறைச்சியை மட்டும் பார்த்தால் போதாது. மிரின், சமையல் சாக்கே இரண்டும் மது. குழம்பு, சாஸ் எதிலும் இருக்கலாம். ரொட்டியில் ஷார்ட்டனிங் என்ற கொழுப்பு, இனிப்பில் ஜெலட்டின், இவை பன்றியிலிருந்தும் எடுத்ததாக இருக்கலாம். கைப்பேசியின் மொழிபெயர்ப்புக் கேமராவை லேபிள் மேல் காட்டிப் பழகுங்கள். டோக்கியோவின் ஷின் ஓகுபோ பகுதியில் ஹலால் கறி, மசாலா, பருப்பு எல்லாம் கிடைக்கும்.

ஜும்ஆ என்ற வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு யோயோகி உஎஹாரா ஸ்டேஷன் பக்கத்திலுள்ள டோக்கியோ ஜாமி போங்கள். துருக்கிப் பாணியில் 2000-இல் திறந்த பள்ளிவாசல். முதல் வெள்ளியே போய்விடுங்கள், தனிமை பாதி குறையும்.