கேட் இங்கே, முதலாளி எங்கே? தொழிற்சங்கக் கேள்வி பதில்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருபது வருடமாகச் சங்க வேலை பார்க்கிறேன். நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்குப் பதில்.

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஸ்ட்ரைக்கில் சம்பளம்தானே பிரச்சினை? (தாம்பரம் வாசகர்)

சம்பளமும்தான். ஆனால் மாட்டிக்கொண்டு நின்றது சங்கப் பதிவில். அப்போது அமலில் இருந்த 1926 தொழிற்சங்கச் சட்டப்படி ஏழு பேர் விண்ணப்பிக்கலாம். 2001 திருத்தத்துக்குப் பிறகு தொழிலாளரில் பத்து சதவீதமோ நூறு பேரோ, எது குறைவோ அவ்வளவு உறுப்பினர் வேண்டியிருந்தது. ஆலையில் ஆயிரத்துக்கும் மேல் ஆட்கள் வெளிநடப்பு செய்தார்கள், எண்ணிக்கைக்கா பஞ்சம்? சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' வருகிறது என்பதுதான் நிறுவனத்தின் ஆட்சேபம்! 2024 செப்டம்பர் 9-ல் தொடங்கிய ஸ்ட்ரைக் 37 நாள் ஓடியது. உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. இத்தனைக்கும் அந்தக் குழுமத்தை நடத்தும் லீ ஜே-யோங் கொரியாவில் 2020-லேயே மன்னிப்புக் கேட்டு, சங்கம் கூடாது என்ற கொள்கையைக் கைவிடுவதாகச் சொல்லியிருந்தார். சியோலில் சொன்னது சுங்குவார்சத்திரம் வந்து சேர நாளாகிறது.

இன்னொன்று. அந்த 1926 சட்டம் வரவே பெரம்பூர் பின்னி மில் நிர்வாகம் சங்கத் தலைவர்கள் மேல் போட்ட வழக்கு ஒரு முக்கிய காரணம். நூறு வருடம் கழித்தும் அதே ஊர்ப்பக்கம், அதே சண்டை.

சங்கம் வைத்தால் கம்பெனி வியட்நாம் போய்விடாதா? (ஒரகடம்)

கேட் மீட்டிங்கில் தவறாமல் வரும் கேள்வி. நோக்கியா தன் போன் ஆலையை 2014-ல் மூடியதற்கு வரி வழக்கும், போன் வியாபாரம் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியதில் சென்னை ஆலை சேராததும்தான் காரணம். வியட்நாமோ ஐரோப்பிய ஒன்றியத்தோடு வர்த்தக ஒப்பந்தம் போடும் முனைப்பில், சங்கமாகச் சேர்ந்து பேரம் பேசும் உரிமைக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) 98-ஆம் உடன்படிக்கையை 2019-ல் ஏற்றுக்கொண்டது. நாம் இன்னும் ஏற்கவில்லை.

பையர் வெளிநாட்டில் இருக்கிறான், நாங்கள் யாரிடம் பேசுவது? (திருப்பூர், செக்கிங் வேலை)

பையரிடமே பேசலாம், பேசியும் காட்டியிருக்கிறார்கள். திண்டுக்கல் பக்கத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம்பெண் 2021-ல் கொலையானார். பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. பாலியல் தொந்தரவைத் தடுக்க 2022-ல் ஆலை நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்டது. துணி வாங்கும் பையர்களான எச் அண்ட் எம், கேப், பிவிஎச் மூன்றும் தனியாகக் கையெழுத்திட்டன. ஆலை சொன்னபடி நடக்காவிட்டால் ஆர்டருக்கு ஆபத்து என்பதுதான் ஏற்பாடு. ஆர்டர் போகும் என்றால் சூப்பர்வைசரின் வாய் தானாக அடங்கும். தொந்தரவைக் கவனித்துச் சொல்வதும் அதே தையல் வரிசையில் இருக்கும் பெண்கள்தான். மேலே இருந்து ஆடிட் வருகிறவர் டீ குடித்துவிட்டுக் கிளம்புவார், இவர்கள் எங்கே கிளம்புவது?

புதுச் சட்டத்தில் ஸ்ட்ரைக்கே முடியாதாமே?

முடியும், ஆனால் சுற்றுவழி. தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்த 2025 நவம்பர் 21 முதல் எல்லாத் தொழிலுக்கும் 14 நாள் நோட்டீஸ் கட்டாயம். நோட்டீஸ் போனபின் சமரச அதிகாரி முதல் கூட்டம் போட்டதும் சமரசப் பேச்சு தொடங்கும். பேச்சு நடக்கும்போது ஸ்ட்ரைக் செய்தால் சட்டவிரோதம்.

நான் கான்ட்ராக்ட் ஆள். சேரலாமா?

சேரலாம். போன மாதம் ஒரு தம்பி ஐ.டி. கார்டைச் சுருட்டிப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்றான். அப்படி நின்றாலும் போதும், வாருங்கள். பே ஸ்லிப்பையும் ஈ.எஸ்.ஐ. எண்ணையும் போட்டோ எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். ஏஜென்சி மாறும்போது முதலில் காணாமல் போவது அவைதான்.